ஆட்டின் ராஜாவை எடுத்துவிடு

அச்சகத்தில் அவளை எல்லோரும் டிசைனரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம், கம்பெனி விழா என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவரவர் முகம் போட்ட சீட்டுக்கட்டு அடித்துத் தரும் இடம் அது. புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது? அவளுக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பசியும்தான் வரவில்லை.

அவன் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுக் கேட்ட கட்டு ஒன்று பாதியில் கிடந்தது. குடும்பம் கூடினாலே ரம்மிதான். அதனால் சீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் முகம். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராஜா அவன், அச்சுத் தாளில் பக்கத்திலேயே ஆட்டின் ராணி அவள். நாத்தனார் போன் செய்தாள்.

"கட்டை அடிச்சுடும்மா. ஆனா தம்பி படம் வேணாம். வேண்டாத சீட்டுன்னு அவன் மூஞ்சியை யாரு கீழ போடுறது? எனக்கு மனசு வராது."

"சரி அண்ணி."

"சரிங்கிறியே, உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்ல அண்ணி."

அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டு, கடைச் சீட்டில் இருக்கும் சாதாரணப் படத்தை வைத்தாள். முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஓரம் சரியா, சிவப்பு சிவப்பாக விழுந்திருக்கிறதா, முன்னும் பின்னும் விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே பழக்கம். முகத்தை யார் பார்க்கிறார்கள்? தாள் வெட்டுக்குப் போனது, மூலைகள் வளைவாக வெட்டுப்பட்டன, கட்டு பெட்டிக்குள் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் பிரித்தார்கள். எடுத்த எடுப்பிலேயே நாத்தனார் கையில் தம்பி சிரித்தான்.

"எடுக்கச் சொன்னேன்ல? என்னடி இது?"

"எடுத்தேனே அண்ணி."

நாத்தனார் கட்டை மேசையில் பரப்பித் துழாவினாள். சித்தப்பா இருந்தார், மாமா இருந்தார், கைக்குழந்தைகூட இருந்தது. ஆட்டின் ராணி மட்டும் கையில் பூவோடு, யார் சாயலும் இல்லாமல் கிடந்தாள்.

"அடிப்பாவி! அவனை எடுக்கச் சொன்னா உன்னையே எடுத்திருக்கியே!"

யாரோ சிரிக்கப் போய், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவள் அந்தச் சீட்டையே பார்த்தாள். தன் கையால் செய்த வேலை. செய்தது நினைவிலேயே இல்லை. தான் அங்கே இல்லாதது உறுத்தவும் இல்லை.

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

நாத்தனார் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீ அந்த வீட்டுக்குத் தனியா போக வேணாம்" என்றாள்.