கதவு வைத்த குடில்

பூட்டுக்காரர் இந்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கதவு செய்து, அதில் குண்டுமணி அளவில் பூட்டும் மாட்டிவிட்டார்.

“மாட்டுக் கொட்டகைக்கு ஏதுங்க கதவு? யாரு வேணா உள்ள வரலாம்னுதானே வீட்டுல குடிலே வைக்கிறோம்,” என்றாள் மனைவி.

“யாரு வேணா வந்தா மாடு மிஞ்சாது.”

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் வந்துவிடக் கூடாதென்று வாசல் கதவுக்கும் மூன்று பூட்டுப் போட்டிருந்தார். அவளுக்கு நிறைமாதம் என்ற பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம், கொட்டுகிற மழையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“அப்பா, நான்தான். வலி எடுத்துடுச்சுப்பா. அவரு வெளியூர் போயிருக்காரு.”

மனைவி எழுந்து ஓடினாள். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

“வந்த வழியே போகச் சொல்லு,” என்றார்.

மனைவி குடிலைக் காட்டினாள். பூட்டுகிற அவசரத்தில் மாதா சிலையையும் அவள் கணவர் சூசையப்பர் சிலையையும் உள்ளே வைக்க மறந்திருந்தார். இருவரும் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

அவர் இடுப்பிலிருந்த சாவியை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதல் பூட்டும் இரண்டாவதும் திறந்தன. மூன்றாவது அவரே செய்தது, லேசில் திறக்காது. அதோடு அவர் மல்லுக்கட்டும்போதே தட்டுவது நின்றுவிட்டது.

கதவைத் திறந்தபோது தெருவில் ஆளில்லை. படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைச் சுற்றி ஓடிய மழைத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.