பாதி வழியில்

அப்பாவின் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். அவள் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ரேசரைக் கீழே வைக்கவில்லை. அண்ணனுக்காகக் கைவேலையை நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

"முதல் ஃப்ளைட் இறங்கிட்டேன்மா. அடுத்தது இதே ஊர்ல இன்னொரு ஏர்போர்ட்லேர்ந்து. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். டாக்ஸில போறேன், ஒரே ட்ராஃபிக்."

"டிக்கெட் போடும்போது கண்ணு தெரியலையா?"

"இதான் சீக்கிரம் வரும்னு காட்டிச்சு."

வீட்டில் அவனுக்குப் பைலட் என்று பெயர். எங்கிருந்து எங்கே போக எத்தனை மணி நேரம் என்று ஒப்பித்து ஒப்பித்து வந்த பெயர். "ஒன்பதே மணி நேரம். ராத்திரி ஏறினா காலையில அப்பா பக்கத்துல நிப்பேன்" என்பான். அப்பா படுக்கையில் விழுந்த இரண்டு வருஷத்தில் அந்தக் காலை விடியவேயில்லை. இங்கே மலமும் மூத்திரமும் அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு அங்கிருந்து கிலோமீட்டர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை வெறுப்பதைவிட ஏளனம் செய்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வெறுத்தால் அழவேண்டி வந்துவிடும்.

அவள் பேசி முடித்ததும் சித்தப்பா எட்டிப் பார்த்தார். "பைலட் எங்கே பறக்கறாராம்?"

"தரையில ஊர்ந்துட்டிருக்காராம்."

"வாய்ப்பந்தல் போடறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல. மயானத்துல இன்னைக்கு விட்டா நாளன்னைக்குத்தான் இடமாம். வண்டி வாசல்ல நிக்குது. எடுத்துரலாமா, அவனுக்காக ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில வெச்சிருக்கலாமா? பாத்துக்கிட்டவ நீ. நீ சொல்றதுதான்."

"எடுத்துராதீங்க," என்றாள் அம்மா, கட்டில் காலைப் பிடித்தபடி. "ஒத்த ஆம்பளப் பிள்ளை. அப்பா முகத்தைப் பாக்காம எப்படி? வந்துருவான்."

அவள் மிச்சக் கன்னத்தையும் மழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அவனைக் கூப்பிட்டாள்.

"எங்கே இருக்கே?"

"இன்னும் பாதி வழிதான். வண்டி நகரவே மாட்டேங்குது."

ஒரு ஹார்ன் சத்தம்கூடக் கேட்கவில்லை. டாக்ஸிக்காரர் தமிழர் போலும், தொண்டையைச் செருமினார். "சார், ஏர்போர்ட் வாசல்ல வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு. போலீஸ் ரெண்டு தடவை வந்து தட்டிட்டுப் போயிட்டாரு. இறங்கறீங்களா, திரும்பிப் போயிரலாமா?"



"என்னால முடியலம்மா," என்றான் அண்ணன். "வீடியோவுல நீ அவரைக் காட்டுவியே... அப்பல்லாம் போனைக் கவுத்து வெச்சுட்டு உன் குரலைத்தான் கேட்டுட்டிருந்தேன்."

"கோழை."

"ஆமா."

இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான். சின்ன வயசில் அடிவாங்கிய பின் உறிஞ்சுவானே, அதே மாதிரி.

"முதல்ல அந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கு. அவருக்கும் பொழப்பு இருக்கு."

"அப்புறம்?"

"எங்கேயாவது உக்காந்து ஏதாவது சாப்பிடு."

அவள் உள்ளே வந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல, பாதி வழியில மாட்டிக்கிட்டானாம்மா. ஃப்ளைட் போயிருச்சு. துடிக்கிறான். காத்திருக்க வேணாம்னு அவனே சொல்லிட்டான்."

"ஐயோ, பிள்ளை... அந்த ரெண்டுக்கும் நடுவுல அவ்வளவு தூரமா?"

"ரொம்ப தூரம்மா."

சித்தப்பா அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிடப் போனார்.

அம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்த கைப்பேசியை வாங்கினாள். சுவரோரம் குனிந்து, விரல்களால் சார்ஜர் முனையைத் தடவித் தடவிச் செருகினாள்.

"மறுபடி கூப்பிடுவான்," என்றாள்.