கதவடைத்து ஒரு வாய்மொழித் தேர்வு

மினிபஸ்ஸின் கதவு திறந்ததும் தட்டுகள்தான் முதலில் இறங்கின. பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மக்ரூத் ஒரு தட்டு, பாதாம் பக்லாவா ஒரு தட்டு, துணி போட்டு மூடிய வேறு என்னென்னவோ. அவற்றுக்குப் பின்னால் அத்தைகள், சித்திகள், அவர்கள் இடுப்பில் குழந்தைகள். கடைசியாக ஜரிகை வைத்த பச்சை உடையில் அன்று தேர்வுக்கு நிற்கும் பெண்ணின் தாய் இறங்கினாள். பெல்காசெம் மாடி ஜன்னலில் நின்று தலைகளை எண்ணினான். இத்தனை பேரையும் வாசலோடு நிறுத்தும் புண்ணியம் இன்று அவன் தலையில் எழுதியிருந்தது.

வாதி செத்ரா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரின் வாய்மொழித் தேர்வு என்றால் பாதி தேர்வு, பாதி கல்யாணம். கதவு திறந்தேதான் இருக்கும். சொந்தபந்தம் முன்வரிசையில் உட்காரும். நடுவர்கள் கேள்வி கேட்பார்கள், குழந்தைகள் அழும், பட்டம் அறிவித்ததும் பலகாரம் சுற்றி வரும். வந்தவர்களைப் போகச் சொன்ன சரித்திரம் அந்த ஊரில் கிடையாது.

பெல்காசெம் அங்கே காப்புரிமைப் பிரிவின் பொறுப்பாளன். பிரிவு என்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேஜை, அவன். யாராவது எதையாவது கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம் என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டியது அவன் வேலை. ஆசிரியர்கள் கண்டுபிடித்தால் பல்கலைக்கழகத்துக்கு. மாணவர்கள் கண்டுபிடித்தால் மாணவர்களுக்கு. ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்தியிருந்தால் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பங்கு. சட்டம் இவ்வளவுதான். ஆனால் பதிவாகும் வரை ஊரார் கண்ணில் படக்கூடாது, பட்டால் பிறகு யாருக்குமே உரிமை கிடையாது என்பதை நம் ஆட்களுக்குப் புரியவைப்பதற்குள் அவனுக்குத் தொண்டை வற்றிவிடும். பார்க்கிறவர்களிடமெல்லாம் "வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றே சொல்லித் திரிந்ததில், உணவகத்தில் அவனுக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்று தேர்வுக்கு நிற்கும் இஷ்ராக் கண்டுபிடித்தது சொட்டுநீர்க் குழாயில் மாட்டும் ஒரு டிரிப்பர். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு மண்டியது. டிரிப்பரின் துளையில் உப்புக் கல் கட்டி, ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். இஷ்ராக்கின் டிரிப்பர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். எப்படி என்பது பெல்காசெமுக்குத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது, 'அட, இவ்வளவுதானா, இது எனக்கு ஏன் தோன்றவில்லை' என்று நினைத்தான். அதுதான் ஆபத்தே. விவரம் தெரிந்தவன் ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த வாரமே அச்சு வார்த்துவிடுவான்.

விண்ணப்பம் போன வாரமே தலைநகருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. கெட்டது மரியாதையால். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இஷ்ராக் தன் வழிகாட்டி பேராசிரியர் கெர்ஃபியின் பெயரை முதலில் எழுதி, அடுத்து துறைத் தலைவரை எழுதி, தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தாள். ஆய்வுக் கட்டுரைகளில் அப்படித்தானே போடுவது வழக்கம்! காப்புரிமையில் அந்த மரியாதை செல்லாது. யோசித்தவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். மரியாதைக்கு ஒரு பெயரைச் சேர்த்தால் நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவான். இதை கெர்ஃபியிடம் எப்படிச் சொல்வது என்று பெல்காசெம் தவித்தான். மனிதர் முன்கோபி, பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து தவறியதற்காகத் தச்சனை அழவைத்தவர்.

கெர்ஃபி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். பேனாவை எடுத்துத் தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இது வேலைக்கு ஆகாது, ஆகாதுன்னு ஒரு வருஷமா அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுக்குப் பேரு கண்டுபிடிப்பா?" என்றார். "அந்தத் துறைத் தலைவன் பேரையும் அடி. அவனுக்கு டிரிப்பருக்கும் காது சொட்டு மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது."

அன்று பெல்காசெமுக்கு அவர் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. ஆனால் தாள்களை எல்லாம் மறுபடி தயாரிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மணற்காற்று வந்து சாலையை மூடியது. திருத்திய விண்ணப்பத்தோடு போன அலுவலக ஊழியர் ஸுபைர் இன்று மதியம்தான் தலைநகர் அலுவலகத்தை எட்டுவார். தேர்வோ காலையில். தள்ளிவைக்கவும் வழியில்லை, வெளியூர் நடுவர் கான்ஸ்டன்டைன் நகரத்திலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார், கல்விப் பருவமும் இன்றோடு முடிகிறது. ஆகவே கதவை அடைத்து நடத்துவது என்று முடிவானது. உள்ளே நடுவர்கள் மட்டும்; அவர்களும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்ட பிறகு.

தட்டுகள் மாடிப்படி ஏறி வந்தன. பெல்காசெம் தேர்வறைக் கதவின் குறுக்கே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். தாய் மப்ரூக்காவுக்கு முதலில் புரியவே இல்லை.

"உள்ள இடம் இல்லியா தம்பி? நாங்க நின்னுக்கிறோம்."

"இடம் இருக்கும்மா. யாரும் பார்க்கக்கூடாது."

"யாரும்னா?"

"யாருமே."

அவளுடைய தம்பி லஸார் முன்னால் வந்தார். எல்-உவாத் சந்தையில் குழாய்க் கடை வைத்திருக்கும் பெரிய மீசைக்காரர். "சரி, பொம்பளைங்க இருக்கட்டும். என்னை மட்டும் விடுங்க. நான் குழாய் யாவாரி, பார்த்ததும் எனக்குப் புரிஞ்சிடும்."

"அதுக்காகத்தாண்ணே உங்களை விட முடியாது."

லஸார் மீசைக்குள் சிரித்தார். மப்ரூக்கா சிரிக்கவில்லை. அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. "இதுக்காக ஒரு வாரமா தூங்காம சுட்டேனே," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

சத்தம் கேட்டு இஷ்ராக் வெளியே வந்தாள். கறுப்பு அங்கி, வெளிறிய முகம். தாயைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள்.

"திறந்து விட்ருங்கண்ணே," என்றாள் பெல்காசெமிடம். "காப்புரிமை போனா போகுது. எங்கம்மா உக்காரட்டும்."

அவன் வாய் திறப்பதற்குள் மப்ரூக்கா மகளின் கையைப் பிடித்தாள்.

"என்னது போனா போகுது? தம்பி, நீ சொல்லு. என்ன போகும்?"

அவன் சொன்னான். பதிவாவதற்கு முன்னால் வாக்குக் கொடுக்காத ஒருத்தர் பார்த்தாலும் அந்தப் பொருள் பொதுச்சொத்து ஆகிவிடும். எந்தக் கம்பெனியும் வார்த்து விற்கலாம். உங்கள் மகள் அதைக் கடையில் பார்த்து, 'இது நான் யோசிச்சது' என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

மப்ரூக்கா மகளின் அங்கிக் கழுத்தைச் சரிசெய்தாள், முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள், கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தட்டை ஓரமா வைங்கடி. எவளாவது சாவித் துவாரத்துல கண்ணை வெச்சீங்க, தெரியும் சேதி!"

பெல்காசெம் இத்தனை வருஷமாக எத்தனையோ பேராசிரியர்களிடம் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத விஷயம் இது. அவளுக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டது. அவனுக்கு அவள் மேல் பெரிய மதிப்பு உண்டாயிற்று.

அந்த நேரம் பார்த்து துணைவேந்தர் வந்தார். கூடவே பல்கலைக்கழக ஃபேஸ்புக் பக்கத்துக்குப் படம் எடுக்கும் இளைஞன், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி.

"என்னய்யா பெல்காசெம், கதவைச் சாத்திட்டே? நம்ம பேரு சொல்லப்போற பொருளு. ரெண்டு படம் எடுத்துப் போட்டுடுவோம்."

"ஐயா, இன்னும் பதிவாகல. மத்தியானம் வரைக்கும் பொறுக்கணும்."

"யாருகிட்ட சொல்றே? ஆய்வுக்கூடம் நம்மளோடது, மிஷின் நம்மளோடது. என் வீட்டுக்குள்ள நான் போக எனக்கே தடையா?"

"பதிவானா அதுல பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருக்குங்க. இப்ப படத்தைப் போட்டா பங்கு போட ஒண்ணும் மிஞ்சாது."

"அட, சும்மா பயமுறுத்தாதய்யா பூட்டு!" அவர் சிரித்துக்கொண்டே கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். பெல்காசெமால் அந்தக் கையைத் தட்டிவிட முடியாது. இவர் கையெழுத்தில்தான் அவன் சம்பளம் ஓடுகிறது.

மப்ரூக்கா எழுந்தாள். கதவுக்கும் கைக்கும் நடுவே வந்து நின்றாள்.

"பெத்த நானே வெளியில நிக்கிறேன். நீங்க எங்க போறீங்க?"

துணைவேந்தரின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. அவர் மோசமான மனிதர் அல்ல, அவசரக்காரர்; அவ்வளவுதான். படம் எடுக்கும் இளைஞனைப் பார்த்து, "போனைப் பையில போடு" என்றார். பெல்காசெமிடம், "நடுவருங்க என்னமோ கையெழுத்துப் போட்டாங்களாமே, அதைக் கொடு. போட்டுட்டு ஓரமா உக்காந்துக்கிறேன்," என்றார்.

நியாயமான பேச்சு. பெல்காசெம் கோப்பிலிருந்து ரகசியக் காப்புத் தாளை எடுத்துக் கொடுத்தான். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"தம்பி," என்றாள் மப்ரூக்கா. "அதுல கையெழுத்துப் போட்டா உள்ள போலாமா?"

"போலாம்மா."

"யாரு போட்டாலும்?"

பெல்காசெமுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. யார் போட்டாலும்தான். சட்டத்தில் எங்கேயும் தாய்க்குச் செல்லாது என்று எழுதியிருக்கவில்லை. நடுவர்களுக்கு நீட்டிய தாளை இவளுக்கும் நீட்டலாம் என்று அவன் புத்திக்கு உறைக்கவே இல்லை. பலகாரத் தட்டைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பூட்டைப் போட்டுவிட்டான். வெட்கத்தில் அவன் காது சிவந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. முதல்லயே உங்ககிட்ட கொடுத்திருக்கணும்."

அவள் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடசைத்துப் படித்தாள். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

"எது வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?"

"பதிவாகிற வரைக்கும். பார்த்ததை உங்க தங்கச்சிங்ககிட்டகூட சொல்லக்கூடாது."

"இவ என் வயித்துல இருந்தப்ப, வயிறு காட்டிக் கொடுக்கிற வரைக்கும் எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல தம்பி. அதுக்கு முன்னால ரெண்டு தங்காமப் போச்சு. கண்ணு பட்டுடுமோன்னு பயம்," என்றாள். "பேனாவைக் கொடு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முயலவும் இல்லை. கதவைத் திறந்து முதலில் அவளை அனுப்பினான். துணைவேந்தர் அவள் பின்னாலேயே போனார்.

வெளியே தங்கைகள் முணுமுணுத்தார்கள், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பக்லாவா திருட்டுத்தனமாகக் கைமாறியது. லஸார் பெல்காசெமின் தோளில் தட்டி, "எங்க வாய்க்குக் கையெழுத்தெல்லாம் தாங்காது. அக்கா உள்ள போயிடுச்சுல்ல, அது போதும்" என்றார். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. கெர்ஃபி வந்து, "உயர் சிறப்புத் தேர்ச்சி! நடுவர் குழுவோட பாராட்டோட!" என்று கத்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. இஷ்ராக்கைச் சித்திகள் பிய்த்துத் தின்னாத குறை. அவளுக்குப் பின்னால் மப்ரூக்கா வந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். குலவையை முதலில் எடுக்க வேண்டியவள் தாய்தான். அவள் எடுக்கவில்லை.

"என்னக்கா, குலவை விடு! பொண்ணு டாக்டர் ஆயிட்டா!"

மப்ரூக்கா தலையை ஆட்டினாள்.

"உள்ள என்னதான் பார்த்தே? அதையாவது சொல்லு!"

"என் மகளைப் பார்த்தேன்." அவ்வளவு சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தங்கைகள் கிண்டல் செய்தார்கள், கிள்ளினார்கள், கெஞ்சினார்கள். பலகாரத் தட்டைத் திறக்கவும் அவள் விடவில்லை. கண்கள் மட்டும் பெல்காசெமின் கையிலிருந்த போனிலேயே இருந்தன. சந்தோஷம் அவள் தொண்டை வரை வந்து நிற்பது வெளியே தெரிந்தது. அதை அவள் அங்கேயே பிடித்து வைத்திருந்தாள். பார்க்கப் பார்க்க பெல்காசெமுக்கு ஆச்சரியம் தாளவில்லை. 'பூட்டு' என்ற பெயருக்குத் தகுதியான ஆள் இதோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மதியத் தொழுகைக்குக் கூட்டம் மெல்லக் கலையும் நேரத்தில் போன் அடித்தது. தலைநகரிலிருந்து ஸுபைர்.

"முத்திரை குத்தியாச்சு. எண்ணும் கொடுத்துட்டாங்க. கண்டுபிடிச்சவங்க ஒரே பேருதான்."

பெல்காசெம் நிமிர்ந்தான். மப்ரூக்கா ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இனிமே சொல்லலாமா தம்பி?"

"சொல்லலாம்மா. இனிமே அது உங்க பொண்ணோடது."

அவள் தங்கைகள் பக்கம் திரும்பினாள். என்ன பார்த்தாள் என்று கேட்க அவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை, குலவைதான் வந்தது. நீளமாக, மூச்சு விடாமல், கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் படியேறி ஓடி வரும்வரை அவள் அதை நிறுத்தவில்லை.