கோலத்துக்கு வெளியே

என் மனைவி கிருஷ்ணப்பிரியா கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோலமாவைக் கையில் எடுத்ததை எங்கள் அடுக்ககமே வேடிக்கை பார்த்தது. சென்னைப் புறநகர் நூம்பலில், நாலாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே டைல்ஸ் தரையில் பச்சரிசி மாவுக் கோலம். எறும்பு வருகிறது என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புகார் போட்டார். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "எறும்பு வரத்தாங்க கோலமே" என்று சொல்லிவிட்டுப் புள்ளி வைக்கப் போய்விட்டாள்.

காரணம் இல்லாமல் அவள் கைப்பேசியை வெறுக்கவில்லை. விழுப்புரத்தில் அவளுடைய அப்பா தட்சிணாமூர்த்தி இறந்த செய்தியை யாரும் அழைத்துச் சொல்லவில்லை. அதற்கு முன்பே சொந்தக்காரர்கள் குழுவில் வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்துவிட்டன. ஆபீசில், மீட்டிங் நடுவில், யாருக்கு இத்தனை கும்பிடு என்று மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துத் தன் அப்பாவுக்குத்தான் என்று தெரிந்துகொண்டாள். பிறகு பல மாதங்கள், அவர் கடைசியாக எப்போது வாட்ஸ்அப் பார்த்தார் என்று காட்டும் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாப்பிட மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எங்கே அவளைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நான் பயந்துபோனேன்.

அவளை மீட்டது கோலம்தான். பூந்தமல்லி பேருந்து நிலையத்தருகே நடைபாதையில் ஒரு கோலப் புத்தகம் வாங்கி வந்தாள். முதலில் சின்னச் சின்னதாகப் போட்டாள். பிறகு சிக்குக் கோலம். இழை எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். "இதுல அவசரப்பட முடியாதுங்க. அவசரப்பட்டா இழை காட்டிக்குடுத்துடும்" என்பாள். மெல்லப் பசி வந்தது, தூக்கம் வந்தது. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்கு ஒருநாள் என்னைத் திட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. சில விடியற்காலைகளில், கோலத்தின் கடைசி வளைவுக்கு வெளியே, ஈரத் தரையில் ரப்பர் செருப்புத் தடம் இரண்டு இருக்கும். யாரோ வெகுநேரம் நின்ற மாதிரி. கோட்டை மிதித்திருக்காது. உள்ளே வந்த தடமும் இருக்காது. கடவுள், பேய் இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுப்பவன் நான். அதாவது ஒன்றும் கொடுக்காதவன். இருந்தாலும் அந்த நாட்களில் பால் பாக்கெட்டைச் சட்டென்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவேன்.

எதிர்வீட்டுக்காரர் கஜபதி நூம்பலின் பழைய குடும்பம். இந்தக் கட்டடம் நிற்பதே அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான். மனைவி பஞ்சவர்ணம் இறந்துபோன பிறகு அவரே தினமும் வாசலில் கோணல்மாணலாக இரண்டு கோடு இழுப்பார். ஒருநாள் காலை அவர் வாசல் வெறுமையாக இருந்தது. மனிதருக்குக் காய்ச்சலோ என்னவோ என்று நினைத்து, பிரியா அவர் வாசலிலும் பெரிதாக ஒரு கோலம் போட்டாள். அவர் சொல்லப்போகும் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டும் நின்றாள்.

காக்கைக்குச் சோறு வைக்க இலையோடு கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா இப்டி பண்ணிட்ட? இன்னிக்கு அம்மாவாச."

"அதனால என்ன அங்கிள்?"

"கோலம் கீதுன்னா எங்க பஞ்சவர்ணம் உள்ள வராது பாப்பா. செத்தவங்க கோலத்தத் தாண்ட மாட்டாங்க. வாசலாண்டயே நின்னுகினு இருந்துட்டு அப்டியே பூடும்."

குனிந்து தோள்துண்டால் துடைக்க ஆரம்பித்தார். உதவப் போன பிரியாவின் கை பாதியில் நின்றது.

"எல்லாச் செத்தவங்களுமா அங்கிள்?"

"எல்லாருந்தான். நீயுந்தான் அம்மாவாசைக்குப் போட்டுகினு கீற. சொல்லலாம்னுதான் பார்த்தேன். பட்ச்ச புள்ளைங்க, இன்னா நெனைக்குமோன்னு உட்டுட்டேன்."

அவள் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"அப்பா இந்த வீட்டைப் பார்த்ததே இல்லைங்க. லொக்கேஷன் அனுப்பறேன்னேன். அதெல்லாம் வேணாம்மா, வாய் இருக்கு, கேட்டுக் கேட்டு வந்துடுவேன்னாரு. கண்டக்டரா இருந்த மனுஷன், எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுதான் ஏறுவாரு. யாரு வீட்டுக்குப் போனாலும் கூப்பிடாம உள்ள வரமாட்டாரு. அவருக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது. இருக்கறது என் வாசல் ஒண்ணுதான். அதையும் அடைச்சு வெச்சிருக்கேன்."

"மூடநம்பிக்கை பிரியா" என்றேன்.

"அப்ப அந்தச் செருப்புத் தடம்?"

அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து கோலம் நின்றது. இஸ்திரித் துணி வாங்க வந்த பெண், "யாராச்சும் தவறிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். அலமாரிப் பூட்டு திறந்தது. பழையபடி அந்த ஒற்றை வரியைப் பார்க்க ஆரம்பித்தாள். தட்டில் சோறு காய்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எனக்கு ஆத்திரமாக வந்தது, கஜபதி மேலும், செத்துப்போன மாமனார் மேலும். அமாவாசைக்கு மட்டும் விட்டுவிட்டு மற்ற நாளில் போடு என்று கெஞ்சினேன். "அவருக்கு நாள் கிழமை யாரு சொல்லுவா?" என்றாள்.

அடுத்த அமாவாசை வந்தது. அவருக்குப் பிடித்த கருணைக்கிழங்கு மசியலும் உளுந்து வடையும் செய்தாள். வாசலைக் கழுவி, கதவை விரியத் திறந்துவைத்து, "உள்ள வாங்கப்பா" என்றாள். லிஃப்ட் கதவு எங்கள் மாடியில் திறந்து மூடியது. யாரும் இறங்கவில்லை. ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நான், எதற்கென்று தெரியாமல், காலை மடக்கி வழிவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்தால் வாசலில் கோலம். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, இடைவெளியே இல்லாமல். குளித்துப் பூ வைத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி இழை இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மனசு ஆறிடுச்சா? அப்பா வந்துட்டுப் போயிட்டாரா?"

"வந்தாரு" என்றாள் தலை நிமிராமல். "போகலீங்க. எப்படிப் போவாரு? கோலத்தத் தாண்ட மாட்டாங்கன்னு அங்கிளே சொன்னாரே."

கடைசி இழையைத் தொடங்கிய இடத்தோடு சேர்த்துவிட்டு, விரல் மாவை ஊதினாள். "டேபிள் மேல இருக்கற காபி அப்பாவுக்கு. நீங்க எடுத்துடாதீங்க."

அதன் பிறகு அவள் ஒருநாள்கூடக் கோலத்தை விடவில்லை. அமாவாசைக்கும் விடவில்லை. அப்படி ஓர் அமாவாசையில் கஜபதி தன் வெறும் வாசலில் நின்று அதைப் பார்த்தார். பார்வை என்னைத் தாண்டி ஹாலுக்குள் போனது. என்னை அருகில் அழைத்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வந்தவங்கள அனுப்பி வெக்கணும். பாவம், வயசான மனுசன். நீயாச்சும் தொடச்சு உடு."

அவர் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. பிரியா சமையலறையில் இருந்தாள். வாளித் தண்ணீரில் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வாசலில் குந்தினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாகக் காத்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது உள்ளே பிரியா சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அப்பா, வடை ஆறிடும், வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

மன்னிச்சிடுங்க மாமா என்று மனசுக்குள் சொன்னேன். எழுந்துபோய், துணியைப் பிழிந்து கொடியில் காயப் போட்டேன்.