வெந்தயத்தில் வெந்த நண்டு ஓடு

நிழலில் உலர்த்தியிருந்த இடுப்புக்கச்சையைப் புதன்கிழமை காலை கொடியிலிருந்து எடுத்த லமுன், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று தொங்கவிட்ட உருப்படி. இப்போது இருபது பேர் வரிசையாக நின்று வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனதுபோல மேலிருந்து கீழே கோடு கோடாகச் செம்பழுப்பு இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினாள். துணிக்குள் இருந்த பட்டை நறநறத்தது. முகர்ந்தால் வெந்தய வாசனையும் பழைய ஆணி வாசனையும் சேர்ந்து வந்தன.

அவள் செய்தது ஒன்றும் புதிதில்லை. அந்த வீட்டுக்குள் எந்தப் புதுத்துணி வந்தாலும் வெந்தயமும் தாழை இலையும் போட்டுக் கொதிக்கவைப்பாள். பிறகு சோழியால் தேய்த்து மினுக்கேற்றுவாள், வாசனைப் புகை காட்டிப் பெட்டியில் வைப்பாள். எட்டு வயதிலிருந்து செய்கிற வேலை. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த இடுப்புக்கச்சையும் துணிதானே என்று நேற்று அண்டாவில் போட்டுவிட்டாள். உள்ளே விறைப்பாக இருப்பது இரும்பு என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி மேல் சொல்லியிருந்தால், வெள்ளைக்காரன் எழுத்தில் சொல்லியிருக்கும்.

சமையற்கட்டிலிருந்து வந்த யெம் ஈரக்கையோடு நின்று பார்த்தாள்.

"என்னடி இது, நண்டு ஓட்டுக்கு வியாதி வந்துடுச்சா?"

அந்தக் கச்சைக்கு நண்டு ஓடு என்று பேர் வைத்ததே யெம்தான். 

"துரு, யக்கா. உள்ள முழுக்க இரும்பு."

"இரும்பையா அந்தம்மா மாரைச் சுத்திக் கட்டப்போறாங்க? என்ன குத்தம் பண்ணாங்க?"

"எனக்குச் சிரிப்பு வரல. வெள்ளிக்கிழமை கட்டணும். வேர்வை பட்டா இந்தத் துரு அப்படியே மஞ்சள் பட்டுச் சட்டையில இறங்கும். துரைசானி முன்னாடி."

வெள்ளிக்கிழமை வீட்டு எஜமான் பிரயாவுக்கு நாற்பத்தெட்டு வயது நிறைகிறது. காலையில் ஒன்பது பிக்குகளுக்கு அமுது, மதியம் வெள்ளைக்கார விருந்தாளிகள். ராஜாங்கத்தில் பிரயா பட்டம் வாங்கிய மனிதர், அந்தப் பட்டத்தால் குன்யிங் ஆகிவிட்ட தன் மனைவி கிளிப்பை அன்றைக்குத் துரைசானிகளுக்கு நிகராக நிறுத்திக் காட்டப்போகிறேன் என்று பாங்காக் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரு பொருள் கெட்டால், கெடுத்தது வெயிலா மழையா என்று யாரும் விசாரிப்பதில்லை. கடைசியாக யார் கை பட்டதோ அவள் போகவேண்டியதுதான். போன வருஷம் பட்டுத்துணியில் இஸ்திரிப்பெட்டிச் சூடு பட வைத்தாள் ஒரு தையல்காரி. இன்றைக்கு அவள் அயுத்தயா பக்கம் பிரயாவின் வயலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். லமுனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் தியன் சாரோன் குருங் சாலையில் ஓடுகிற டிராமில் டிக்கெட் கிழிக்கிறான். அவளை வயலுக்கு அனுப்பினால் வருஷத்துக்கு இரண்டு தடவை அவன் முகத்தைப் பார்க்கலாம், அதுவும் வெள்ளம் வழிவிட்டால்.

"போய்ச் சொல்லிடலாமா?" என்றாள் லமுன்.

"சொல்லு. நான் உனக்குக் கட்டுச்சோறு கட்டித் தர்றேன். வழியில சாப்பிடு."

லமுன் சொல்லவில்லை. தையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கச்சையின் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். இருபத்திரண்டு இரும்புப் பட்டைகள் வெளியே வந்தன. ஒரு பெண்ணை நிமிர்த்தி வைக்க இருபத்திரண்டு இரும்பு. வெறும் துணி கையில் தொய்ந்து தொங்கியபோது, உரித்த தவளைத் தோல் மாதிரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதை முதல் தடவை கட்டிப்பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. முதுகுக் கயிற்றை இழுத்தவள் லமுன்தான். பிரயா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் நீ நாகரிகமா தெரியிற," என்றார்.

"மூச்சு முட்டுதுங்க."

"பழகிடும். அந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"பிக்குகள் முன்னாடி எப்படிங்க குனிஞ்சு கும்புடுறது?"

"முடிஞ்ச அளவுக்குக் குனி."

அவர் போன பிறகு கிளிப் முயன்று பார்த்தாள். பாயில் கால்களை ஒரு பக்கம் மடித்து உட்காருவதற்குள்ளேயே முகம் சிவந்துவிட்டது. மூன்று தடவை நெற்றி தரையில் படக் கும்பிட வேண்டும். முதல் தடவையிலேயே வெட்டின வாழைமரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தாள். இரண்டு பேர் தூக்கி நிமிர்த்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. குன்யிங் விழுந்தால் சிரிக்க யாருக்கு உரிமை? கிளிப் மட்டும் சுவரைப் பார்த்தபடி, "பிக்குகள் முன்னாடி இப்படி விழுந்தா என் அம்மா எந்த லோகத்துல இருந்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவா," என்றாள்.

இரும்புக்குப் பதில் என்ன வைப்பது? தென்னை ஈர்க்கு ஒடிந்துவிடும். மூங்கில் குத்தும். லமுன் படித்துறைக்குப் போனாள். படகோட்டிகள் உதைத்து விளையாடுகிற பிரம்புப் பந்துகள் மூன்று, படகுக்கொட்டகையில் கிடந்தன. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மூன்றையும் மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மாலைவரை படகோட்டிகள் புதருக்குள் பந்தைத் தேடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னலைப் பிரித்து, தண்ணீரில் ஊறவைத்து, பிரம்பை நேராக்கி, ஓரம் சீவி, மெழுகு தேய்த்து, பட்டை பட்டையாகச் செருகினாள். முன்பக்கத்துப் பித்தளைக் கொக்கிகளை மட்டும் பெயர்த்து இரட்டைப் பிரம்பில் வைத்துக் கட்டினாள். கையில் எடுத்து வளைத்தாள். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது.

கறைதான் போகவில்லை. எலுமிச்சையும் சாம்பலும் தோற்றுப்போயின.

"பலாக்கட்டை போட்டுச் சாயம் ஏத்திடேன்," என்று யெம் வழி சொன்னாள்.

"அது பிக்குங்க காவி நிறம். அதை உள்ள போட்டுக்கிட்டு அவங்க முன்னாடியே அம்மாவை உக்காரச் சொல்றியா? அயுத்தயா இல்ல, எனக்கு நேரா நரகம்தான்."

மேலே பட்டு வைத்து மூடுவது ஒன்றே வழி. சட்டை தைத்ததில் மீந்த மஞ்சள் பட்டு போதவில்லை. வியாழக்கிழமை, கிளிப்பின் செத்துப்போன மாமியாரின் பெரிய மரப்பெட்டியைத் திறந்தாள். அந்தப் பெட்டியைத் திறப்பது ஒரு நூறு வருஷத்தைத் திறப்பதுபோல. மேல்தட்டில் கழுத்துவரை லேஸ் ஏறிய சட்டைகள், தோளில் உப்பி முழங்கையில் ஒடுங்கும் கைகளோடு. பன்றித்தொடைக் கை என்று ஊரே சிரித்தது, பிறகு ஊரே தைத்துக்கொண்டது. அதற்கடியில் கழுத்தை இறுக்கும் நீளக்கைச் சட்டைகள், பழைய ராஜா காலத்தில் சபையில் மேல்சட்டை போடவேண்டும் என்று ஆனபோது தைத்தவை. அதற்கும் கீழே வெறும் தோள்துணிகள், ஊசி படாதவை. மார்பில் ஒரு சுற்று, தோளில் ஒரு வீச்சு, அவ்வளவுதான் அந்தக் காலத்துச் சீமாட்டிக்கு. அடித்தட்டில் சோழமண்டலக் கரையிலிருந்து அச்சாகி வந்த, இடுப்பில் கச்சம் வைத்துக் கட்டும் கனத்த துணி, இன்னும் நிறம் மங்காமல்.

கீழே போகப்போகத் துணி குறைந்தது, தையல் குறைந்தது. மேலே வர வர ஊசி, கொக்கி, கயிறு, கடைசியில் இரும்பு. அந்தந்தக் காலத்தில் அதுதான் மரியாதை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் சொன்னது ஆம்பிளை. போட்டுக்கொண்டது பொம்பளை. துவைத்தது லமுன் மாதிரி ஒருத்தி. லமுனின் சொந்தத் தோளில் இன்றைக்கும் ஒற்றைத் துணிதான். வெள்ளிக்கிழமை துரைசானி பார்ப்பாள் என்பதால் வேலைக்காரிகளுக்கும் சட்டை கொடுத்திருந்தார்கள். முப்பது வருஷமாகச் சட்டையில்லாமல் இருந்தும் யார் கண்ணையும் உறுத்தாத தோள் அது.

தோள்துணிகளில் மஞ்சளாக ஒன்றை எடுத்துக் கச்சையை உள்ளும் புறமும் மூடித் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளிப் அதைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"இது வெள்ளையா இருந்துச்சே?"

லமுன் கயிற்றில் சிக்கெடுப்பதுபோலக் குனிந்துகொண்டாள். "வெள்ளிக்கிழமைக்குக் கருநீலக் கச்சம், மஞ்சள் மேல்துணி, அதானேம்மா முறை. உள்ள வெள்ளை இருந்தா நாளுக்கு ஆகாதுன்னு மூடிட்டேன்."

கிளிப் ஒரு நொடி யோசித்தாள். "நல்ல வேலை பண்ண. எனக்குத் தோணவே இல்ல." பிறகு, கடன்காரனுக்குக் கழுத்தைக் கொடுப்பவள்போலக் கைகளைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, இழு."

லமுன் இழுத்தாள். இடுப்பு சிறுத்தது. நிலைக்கண்ணாடியில் பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. கிளிப் கண்ணைத் திறந்து ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் படித்துறையில் பிக்குகளின் படகு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

கூடத்தில் ஒன்பது பேரும் வரிசையாக அமர்ந்தார்கள். ஓரத்தில் துரைசானி ஒருத்தி, ஏதோ இலாகாவின் ஆலோசகர் மனைவி, பூசையைப் பார்க்க முன்னதாகவே வந்து நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தரையில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொன்னாலும் அவளால் முடிந்திருக்காது. பிரயா மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

லமுன் தாம்பாளத்தோடு கிளிப்புக்கு இரண்டு முழம் பின்னால் முட்டிபோட்டிருந்தாள். கிளிப் கால்களை மடித்தாள். உட்கார்ந்துவிட்டாள். கைகளைக் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழத் தயாராகிறவள்போல மெல்லச் சாய்ந்தாள்.

'கறக்'கென்று ஒரு சத்தம்.

ஒரு பிரம்பு போய்விட்டது. லமுன் கிண்ணங்கள் அடுக்கிய தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். மிச்சமும் ஒவ்வொன்றாக முறியும், சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், துரைசானி பார்ப்பாள், நாளைக் காலை அயுத்தயாவுக்குப் படகு. தியனிடம் யார் போய்ச் சொல்வது? பிரயா திரும்பிப் பார்த்தார். கிளிப்பின் நெற்றி தரையைத் தொட்டிருந்தது. அது அங்கேயே நின்றது, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு நிமிர்ந்தாள். இரண்டாவது தடவை குனிந்தாள். சத்தமில்லை. மூன்றாவது தடவை, ஆற்றில் நாணல் சாய்ந்து எழுவதுபோலக் குனிந்து எழுந்தாள். மூத்த பிக்கு மந்திரத்தைத் தொடங்கினார். லமுன் அதற்கப்புறம்தான் மூச்சு விட்டாள். விட்ட மூச்சில் கிண்ணத்திலிருந்த மல்லிகை இரண்டு கீழே விழுந்தன.

மதிய விருந்தில் துரைசானி கிளிப்பின் இடுப்பைக் காட்டி ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கச்சையோட இப்படிக் குனிய முடியறது ஆச்சரியமா இருக்காம். தன்னால செருப்பைக்கூடக் குனிஞ்சு மாட்ட முடியாதாம். எந்தக் கடையில வாங்கினதுன்னு கேக்குறாங்க," என்றார்.

"சிங்கப்பூர்," என்றார் பிரயா, மீசையை நீவிக்கொண்டு. "விலை அதிகம்தான்."

சிங்கப்பூரிலிருந்து வந்தது கிளிப்பை எப்படிச் சாய்த்தது என்பது அவள் விலாவுக்குத் தெரியும்.

பொழுது சாயும்போது விருந்தாளிகள் போனார்கள். கிளிப் லமுனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டாள். கயிற்றை அவிழ்த்ததும் கச்சையை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முறிந்த இடத்தை விரலால் தடவினாள். மஞ்சள் துணியைத் துளைத்து ஒரு பிரம்பு முனை எட்டிப்பார்த்தது.

"இது என்னடி?"

லமுன் தரையில் விழுந்து கும்பிட்டாள். இனிமேல் ஒளிக்க எதுவுமில்லை என்றானதும் பேச்சு தானாக வந்தது. வெந்தயம், துரு, பந்து, பெட்டியிலிருந்து எடுத்த தோள்துணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "வேணும்னு பண்ணலம்மா. வழக்கம்போல வேக வச்சேன். வயலுக்கு அனுப்பிடாதீங்க."

லமுன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது கிளிப் வெறும் தோளோடு பாயில் உட்கார்ந்து விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தாள் லமுன். இல்லை, சத்தம் வெளியே போகாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படகுக்காரன் காலால உதைச்ச பந்தை என் மார்ல கட்டிப் பிக்குகள் முன்னாடி உக்கார வச்சிருக்க."

"நல்லாக் கழுவினேம்மா."

"அஞ்சு நாளா நான் தூங்கல, தெரியுமா? விழுவேன், விழுவேன்னு. முதல்தடவை தரையில நெத்தி பட்டப்ப, எழுந்திருக்கவே மனசில்ல. அவ்வளவு நிம்மதி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இரும்பை என்ன பண்ண?"

"கிணத்தடிக்குப் பின்னால பொதைச்சேம்மா."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு முழம் இருக்கும்."

"பத்தாது. நாய் தோண்டும். இன்னும் ஆழமாப் பொதை. அவருக்குத் தெரிஞ்சா உன்னைக் காப்பாத்த என்னால ஆகாது, சொல்லிட்டேன்."

அது உண்மைதான். லமுனுக்கு அதில் கோபம்கூட வந்தது. குன்யிங் என்று பேர், ஆனால் இருபத்திரண்டு இரும்பைப் புதைக்கத்தான் அவளுக்கும் அதிகாரம். இருந்தாலும் கோபப்பட இன்றைக்குத் தெம்பில்லை. மண்வெட்டியை எடுத்துப்போய், இடுப்பளவு குழி தோண்டி, பட்டைகளை அள்ளிப் போட்டு, மண்ணைத் தள்ளி, வெறும் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

சமையற்கட்டுக்கு வந்தபோது யெம் சட்டியோடு காத்திருந்தாள்.

"என்ன, கட்டுச்சோறு கட்டணுமா, வேணாமா?"

"தட்டுல போடு," என்றாள் லமுன். புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புதுச்சட்டையின் கழுத்துக் கொக்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இறால் காரத்துவையலைச் சோற்றில் பிசைந்து, கண்ணில் நீர் வர வர, மூன்று தட்டு தின்றாள்.