ஹாஜறா மன்னித்த பிறகு

கணவன் இறந்தபின் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் ஹாஜறா இருந்ததால், திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசினாள். எனக்குப் போட்ட கதிரையில் நான் சாயவில்லை. மன்னிப்புக்கு வந்தவன் சாய்ந்திருக்கக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர்மார் இருவர் சாட்சிக்கு வந்திருந்தார்கள். எங்கள் குடியில் அதுதான் முறை. வாப்பாவின் காலத்தில், தண்ணீர்ச் சண்டையில் உயிர் போனபோதுகூட, இரண்டு வீட்டாரும் பள்ளியில் உட்கார்ந்து பேசி முடித்ததாகக் கேட்டிருக்கிறேன்.

அவளுடைய மாப்பிள்ளை ஜவுபர் எங்களுக்கு அடுத்த வயல்காரர். பன்றி வராமலிருக்க எங்கள் வரம்போரம் இழுத்திருந்த மின்கம்பியில், விடிய வாய்க்கால் திறக்க வந்தவர் மின்சாரம் தாக்கி மவுத்தானார். கம்பியை யார் இழுத்தது என்று தெரியாது என என் மகன் அப்ராஸ் பொலிஸில் சொல்லியிருந்தான்.

“மாமா, கம்பிய இழுத்த ஆரு? அத முதல்ல செல்லுங்க. ஆருண்டு தெரியாம நான் ஆரப் பொருந்திக்கிற?”

மரைக்காயர்மார் நிலத்தைப் பார்த்தார்கள். பொய் சொல்லி வாங்கும் மன்னிப்பு பிச்சையிலும் கேவலம்.

“என்ட மகன்தான்,” என்றேன்.

திரை அசையவில்லை. உள்ளே ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது. கோப்பை வைக்கும் சத்தம் வந்தது. பிறகு அவள் சொன்னாள்: “அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன்.”

அன்று மாலையே தலை நிமிர்ந்து கல்முனைக்குப் போய்ச் சட்டத்தரணி கனகசபாபதியிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பிள்ள மன்னிச்சாலும் வழக்கு முடியாது ஹாஜியார். வழக்குப் போட்டது அவ இல்ல, அரசாங்கம். அந்தக் காலத்தில உயிர் ரெண்டு குடும்பத்துட விசயம். வெள்ளக்காரன் சட்டம் எழுதின பிறகு அரசாங்கத்துட விசயம்.”

“மவுத்தானது அரசாங்கத்துட மாப்பிள்ளையா?”

அவர் சிரிக்கவில்லை. “கம்பி ஆர்ட எண்டதுக்கு இவ்வளவு நாளும் சாட்சி இல்ல. இப்ப நீங்களே மூணு பேரை உண்டாக்கிட்டீங்க: நீங்க, ரெண்டு மரைக்காயர்.”

பேச்சு ஊரில் பரவி, மரைக்காயர்மாரைப் பொலிஸ் கூப்பிட்டது. அவர்களும் பொய் சொல்லாதவர்கள். எனக்கு அழைப்பாணை வந்த அன்று அப்ராஸ் என் முகத்துக்கு நேரே நின்றான். என் முன்னால் அவன் அப்படி நின்றதே இல்லை.

“கோட்டுல, ஊராக்கள் செல்லித்தான் கேட்ட எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க, வாப்பா. ஒங்கட மானத்துக்காக நான் மறியலுக்குள்ள அடைபட்டுக் கிடக்கிறதா?”

நான் அழைப்பாணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது, கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஹாஜறாவைக் கண்டேன். இத்தா முடிந்து வந்திருந்தாள். அவளை யாரும் அழைத்திருக்கவில்லை. வழக்கின் தலைப்பில் அவள் பெயரே இல்லை. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரச தரப்புச் சட்டத்தரணி கேட்டார்:

“மின்கம்பியை இழுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

எதிரே குற்றவாளிக் கூண்டில் அப்ராஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஹாஜறா எழுந்து, பேச இடம் கேட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையை உயர்த்திப் பிடித்தாள். கதவடியில் நின்ற பொலிஸ்காரர், இருக்கச் சொல்லி உள்ளங்கையைக் கீழே கீழே அசைத்தார். அவள் கையை இறக்கவில்லை.