பழம்பொரியும் ஒரு கருநாக்கும்

1

மறைப்பானேன்? இந்தக் கதை ஒரு கேள்வி-பதில் பக்கத்தில் பிறந்தது. வார இதழ் ஆசிரியர் போனில் சொன்னார்: "நாக்கு, வாய் பத்தி வாசகர் கேள்வி பத்து வந்திருக்கு. மனுஷன், மிருகம் எல்லாம் கலந்து. வியாழனுக்குள்ள பதில் வேணும்."

ஒன்பதை ஒரே மூச்சில் முடித்தேன். முதலை நாக்கை வெளியே நீட்டுமா? நீட்டாது, நாக்கு வாய்க்குள்ளேயே ஒட்டிக் கிடக்கிறது. பூனைக்கு இனிப்புத் தெரியுமா? தெரியாது, பாயசத்தை நக்கினால் அது பாலுக்காக. பசுவின் மேல்வரிசை முன்பற்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை, முளைப்பதே இல்லை.

பத்தாவது: கருநாக்குக்காரர் சொன்னால் பலிக்குமா?

"பலிக்காது. அது வெறும் நிறம்" என்று எழுதிப் பேனாவை மூடினேன். கேரளத்துப் பட்டாம்பியில் என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கும் புஷ்பலதாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. என் பதில் போதாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: பாரதப்புழையின் மணலில் வெயில் ஏறத் தொடங்கிய

(வேண்டாம். ஆற்றுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் முயற்சி: கால்நடை ஆய்வாளர் புஷ்பலதாவின் நாக்கின் நடுவே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம்.

(இது போதும். இதிலேயே போகிறேன்.)

மாடுகளின் வாயைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. அவள் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது ஊரின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் கோவிந்தன்குட்டியின் தொழுவத்தில் தடுப்பூசி போட்டுவிட்டு, "என்ன லட்சணம் சேட்டா! பத்து லிட்டர் கறக்குமே!" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ஆறு லிட்டர்தான் கறந்தது. கருநாக்குக்காரி புகழ்ந்தால் விளங்காது என்றது ஊர். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று அவள் சொன்னதை யார் கேட்டார்கள்?

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வீட்டுக்காரி சூடான பழம்பொரித் தட்டோடு வாசலில் நிற்பாள். மாவில் தோய்த்துப் பொரித்த நேந்திரம்பழம் வாயை அடைத்திருக்கும்வரை மாட்டைப் புகழ முடியாதல்லவா? ஒரு நாளைக்கு எட்டு வீடு, எட்டு பழம்பொரி.*

* அவள் எடை நான்கு கிலோ கூடியது என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஆறு" என்று அவளே திருத்தினாள்.

3

கோவிந்தன்குட்டியை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. காலையில் பசுவின் கழுத்தைச் சொறிந்துவிட்ட பிறகே சாயா குடிக்கிற மனுஷனை என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன்.

போன மாதம் அவருடைய பசு அம்மிணி மூன்று நாள் தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. கோமாரிதான் என்று அக்கம்பக்கம் தீர்ப்புச் சொல்லியாயிற்று. டாக்டர் திருச்சூரில் பயிற்சிக்குப் போயிருந்தார். புஷ்பலதாதான் வந்தாள். கோவிந்தன்குட்டியின் மனைவி தாட்சாயணி தட்டை நீட்டினாள். புஷ்பலதா பழம்பொரியை அவசரமாக விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"வெறிநாய் ஏதாவது கடிச்சுதா சேட்டா?"

"இல்ல மேடம். தொழுவத்தை விட்டு வெளியவே விடல."

கையுறை மாட்டிக்கொண்டு பசுவின் நாக்கைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அடுப்புக்கரி நிறத்தில் நீண்ட நாக்கு.

"பாருங்க, உங்க அம்மிணிக்கும் கருநாக்கு! எனக்கு ஒரு மச்சம்தான். இவளுக்கு முழுசும்."

"அது பேசாதே மேடம்!"

டார்ச் வெளிச்சத்தில் கொப்புளம் எதுவும் இல்லை. கோமாரி இல்லை. கடைவாய்ப் பற்களுக்கு இடையே, மேல் அண்ணத்தின் குறுக்கே ஒரு மூங்கில் சில்லு செருகிக் கிடந்தது. இடுக்கியால் பிடுங்கினாள். கூடவே சீழும் ரத்தமும் வந்தன. டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி போட்டாள். ஆனால் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அம்மிணி கால் மடக்கிப் படுத்துவிட்டது.

கோவிந்தன்குட்டி கைகூப்பினார்.

"மோளே, பிழைச்சுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் நாக்குல கெட்டது பலிச்சா நல்லதும் பலிக்கும்."

"மருந்து குடுத்திருக்கேன் சேட்டா. இனி அது பார்த்துக்கும்."

"மருந்துக்கு நாக்கு ஏது?"

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) சொல்கிறாள், பசு பிழைக்கிறது. மறுநாள் அவள் வாசலில் வரிசை: வளைகுடா விசா, பரீட்சை, ஓணம் பம்பர் லாட்டரிச் சீட்டு. அவள் படித்த படிப்பு போய் நாக்கு மட்டும் மிஞ்சுகிறது.

(ஆ) மறுக்கிறாள், பசு சாகிறது. "ஒரு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரலையே!" என்று ஊர் சொல்லும். ஆயுளுக்கும் சொல்லும்.

(இ) சொல்கிறாள், ஆனாலும் அம்மிணி நான்காம் நாள்

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

தாள்களை அவளிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"முடிவு உங்க இஷ்டம் சார். என் நாக்கு மேல மட்டும் பாரத்தைப் போடாதீங்க."

"அன்னைக்கு நிஜமா என்ன சொன்னீங்க?"

"இது கதையா, கேள்வி-பதிலா?" என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

5

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்ததோடு நிறுத்துகிறேன்.

தாட்சாயணி பழக்கதோஷத்தில் இன்னொரு பழம்பொரியோடு ஓடிவந்தாள்.

"இப்ப எதுக்குடி அது?" என்று கத்தினார் கோவிந்தன்குட்டி. "அவ பேசணும்டி!"

புஷ்பலதா இரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தட்டைத் தள்ளிவைத்தாள். அம்மிணியின் அருகே குந்தி, அதன் நெற்றியில் கை வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"........................"

இந்த இடம் உங்களுடையது. நிரப்புங்கள், வாய்விட்டுச் சொல்லியே நிரப்புங்கள். உங்கள் நாக்கு என்ன நிறம் என்று நான் கேட்க மாட்டேன். எதைச் சொன்னாலும் சரி, நாளைக்கு ஒன்று வீதம் ஐந்து நாள் ஊசி. அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.